சப்பாத்துப் பாலத்தில் ஒரு கணக்கு

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வானம் வெளித்து, வெயிலும் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளம் வரை வீதியில் ஒரு குறையும் இல்லை. சப்பாத்துப் பாலத்துக்கு வந்ததும்தான் வான் நின்றது. பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தின் மேலாக கலா ஓயா செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. மன்னார்ப் பக்கம் ஒரு கல்யாணம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்களல்லவா? யுத்தம் முடிந்த பின் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயே இருந்துவிட்டார்கள். அதனால் கலா ஓயாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தம் இல்லாத குடும்பம் எங்கள் பகுதியில் குறைவு. கல்யாணம் என்றாலும் மையித்து என்றாலும் இந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். பழைய மன்னார் வீதிதான் அப்போது குறுக்கு வழியாக இருந்தது.

மழை விட்ட பிறகு ஏன் வெள்ளம் என்று கேட்பீர்கள். கலா ஓயா 148 கிலோமீற்றர் நீளமான ஆறு. தம்புள்ளைப் பக்கத்து மலைகளில் தொடங்கி, தாதுசேன மன்னன் 5-ஆம் நூற்றாண்டில் கட்டிய கலா வெவ, பிறகு இராஜாங்கனை நீர்த்தேக்கம் என்று தங்கித் தங்கி வந்து, எலுவன்குளத்தைத் தாண்டி கங்கேவாடியாவில் கடலேரியோடு சேர்கிறது. மேலே குளங்கள் நிரம்பி இராஜாங்கனையின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால், எலுவன்குளத்தில் ஒரு துளி மழை இல்லாமலே சப்பாத்து முங்கிப் போகும்.

வான் ஓட்டி வந்த தம்பிக்கு வயது இருபத்தைந்து இருக்கும். இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

“முழங்காலுக்கு மேல இல்ல உம்மா. பாரமான வான்தானே, ஒண்டும் ஆகாது. கொஞ்சம் வேகமா அடிச்சா அக்கரைக்குப் போயிரலாம்.”

என் உம்மும்மா முன் இருக்கையில் இருந்தார். “தம்பி, வானத் திருப்புங்க” என்றார்.

“இல்ல உம்மா, நான் எத்தன தரம் போயிருக்கன்...”

“வயித்துல புள்ளயோட ஒருத்தி இருக்கா. மடியில புள்ளயோட ஒருத்தி இருக்கா. நீங்க போறதெண்டா போங்க, நாங்க இறங்குறம்” என்று கதவைத் திறந்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. “பாரம்”, “வேகம்” என்ற இரண்டு சொல்லையும் அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் பிசகு. அந்தச் சேர்க்கை என் மகளின் பத்தாம் தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கிறது: விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவது. பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அடுப்படியிலும் கிணற்றடியிலும் வீதியிலும் தினமும் அதைக் கையாளும் நமக்கோ அதன் பெயர் தெரியாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். திணிவு என்றால் ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. கிலோ கிராமில் சொல்வோம். ஆர்முடுகல் என்றால் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. ஒரே சீராக மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் பஸ்ஸுக்கு ஆர்முடுகல் இல்லை. அது வேகமெடுக்கும் போதும், பிரேக் பிடிக்கும் போதும், வளைவில் திரும்பும் போதும்தான் உண்டு. வேகம் குறைவதை அமர்முடுகல் என்பார்கள். விசை என்பது தள்ளும் அல்லது இழுக்கும் பலம். அதன் அலகு நியூட்டன். நூறு கிராம் மிளகாய்ப் பொதியை உள்ளங்கையில் வைத்தால் கை உணரும் பாரம் ஏறக்குறைய ஒரு நியூட்டன்.

தமிழ்நாட்டுப் புத்தகம் வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே திணிவை “நிறை” என்றும் ஆர்முடுகலை “முடுக்கம்” என்றும் எழுதுவார்கள். இலங்கையில் நிறை என்றால் பூமி இழுக்கும் பாரம். இந்தியாவில் அதற்கு “எடை” என்று பெயர். ஒரே தமிழில் இப்படி இரண்டு வழக்கு இருந்து பிள்ளைகளைக் குழப்புகிறது. நான் இங்கே நம் பாடசாலைச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

அருவக்காட்டில் சுண்ணக்கல் வெட்டி, பாலாவிப் பக்கத்துச் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோக இருப்புப் பாதை போட்டார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கல் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள். வெறும் எஞ்சின் தனியாக வந்தால் சடாரென்று கிளம்பும். கல் ஏற்றிய பெட்டிகளோடு என்றால் முனகி முனகி அசையும். எஞ்சினின் இழுவை மாறவில்லை, திணிவுதான் மாறியது. ஒரு கணக்குக்கு, எஞ்சின் 60 டன், பெட்டிகளோடு சேர்த்து 600 டன் என்று வையுங்கள். இழுவை 1,20,000 நியூட்டன். தனி எஞ்சின் ஒவ்வொரு விநாடியும் 2 மீற்றர் வேகம் கூடும். பத்து மடங்கு திணிவோடு அதே இழுவைக்கு 0.2 மீற்றர்தான் கூடும்.

கிளம்ப மறுக்கும் அதே திணிவுதான் நிற்கவும் மறுக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் ரயில் மோதி ஒரே கூட்டத்தில் 6 யானைகள் செத்துப் போயின. யானையைக் கண்ட பிறகு பிரேக் பிடித்து என்ன பயன்? மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில் விநாடிக்கு அரை மீற்றர் வீதம் வேகம் குறைந்தால், நிற்பதற்கு 278 மீற்றர் வேண்டும். ரயில் கடவையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு “அது தூரத்துலதானே வருது” என்று ஓடுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும்.

கிணற்றடிக்கு வாருங்கள். வாளியும் தண்ணீருமாக 12 கிலோ. மெதுவாக, ஒரே சீராக இழுத்தால் கயிற்றில் விழும் இழுவை ஏறக்குறைய 120 நியூட்டன். அவசரத்தில் வெடுக்கென்று இழுக்கிறோம். ஒரு விநாடிக்கு 5 மீற்றர் என்ற கணக்கில் வாளி வேகமெடுத்தால், 12-ஐ 5-ஆல் பெருக்கிய 60 நியூட்டன் மேலதிகமாக வேண்டும். கயிற்றில் இப்போது 180. பழங்கயிறு 150-தான் தாங்கும் என்றால் வாளி கிணற்றுக்குள்! “பதறாம இழு” என்று மூத்தவர்கள் சொன்னதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

இந்த விதியைச் சொன்னவர் நியூட்டன். அவருடைய “பிரின்சிப்பியா” 1687-இல் வெளிவந்தது. நாம் இன்று எழுதும் வடிவில் அதைச் சமன்பாடாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர். நம் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. எதை எடுத்தாலும் நம்மவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடுவது. அது தேவையில்லை, உள்ளதே நமக்குப் போதுமான பெருமை. எறியப்பட்ட பொருளுக்குள் “மைல்” என்றொரு உந்துதல் ஏறுகிறது, தடுக்க எதுவும் இல்லாவிட்டால் அது தானாக அழியாது என்று இப்னு சீனா எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், விழும் பொருளில் இந்த உந்துதல் கணத்துக்குக் கணம் புதிதாகச் சேர்வதால்தான் அது வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றார். தொடர்ந்து இயங்கும் விசை வேகத்தை மாற்றுகிறது என்ற எண்ணத்துக்கு அது மிக அருகில் நிற்கிறது. எண்ணும் அளவும் வைத்து அதை விதியாக்கியது நியூட்டன்தான்.

மடியில் பிள்ளை

இனி அந்த வானுக்குள் இருந்தவர்களுக்கு வருகிறேன். மடியில் பிள்ளையோடு இருந்தவள் என் சாச்சியின் மகள். பிள்ளைக்கு அப்போது பத்து மாதம். “நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கன்” என்று எந்த உம்மாவும் சொல்வாள். அவளுடைய பாசத்தில் சந்தேகமில்லை. ஆனால் கை எவ்வளவு தாங்கும்?

பிள்ளை 10 கிலோ. வாகனம் மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறது. அதாவது விநாடிக்கு 14 மீற்றர். எதிரே எதிலோ மோதி, விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது. 14 மீற்றர் வேகம் 0.1 விநாடியில் போய்விட்டால், விநாடிக்கு 140 மீற்றர் வீதம் அமர்முடுகல். பத்தோடு பெருக்குங்கள். 1,400 நியூட்டன். அந்தக் கணத்தில் பிள்ளையை மடியில் நிறுத்த 140 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றை நீட்டிய கையில் பிடிப்பது போல! உலகத்தில் எந்த உம்மாவுக்கும் முடியாது. பிள்ளை கையை விட்டுப் பறந்துவிடும். உம்மா பட்டி போடவில்லை என்றால் இன்னும் மோசம். அவருடைய 60 கிலோவும் சேர்ந்து வந்து பிள்ளையை முன்னால் உள்ளதோடு நசுக்கும். ஒரே பட்டியை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் அதே போல ஆபத்து. உம்மாவின் பாரத்துக்கும் பட்டிக்கும் நடுவில் பிள்ளை அகப்படும்.

அதனால்தான் சிறு பிள்ளைக்குத் தனி ஆசனம் பின் இருக்கையில் பூட்டப்பட வேண்டும் என்கிறார்கள். கைக்குழந்தைக்கு அது பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது விசை கழுத்தில் விழாமல் முதுகு முழுவதும் பரவும். விலை கூடத்தான், மறுக்கவில்லை. தங்க வளையல் ஒன்றின் கூலி, சேதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தோன்றும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பட்டி செய்வதும் இந்த விதியின் வேலையைத்தான். பந்து பிடிக்கும் பையன் கையைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் விசை குறைகிறது. பட்டி சற்று இழுபட்டுக் கொடுத்து நேரத்தை நீட்டுகிறது. பட்டி இல்லாத உடம்பு, வாகனம் நின்ற பிறகும் பறந்து போய்க் கண்ணாடியில் மோதி, நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் நிற்கிறது. நேரம் பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்கு.

கர்ப்பிணிகள் பட்டி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்று ஒரு பேச்சு நம் வீடுகளில் இருக்கிறது. தவறு. கீழ்ப்பட்டி வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு படிந்து போக வேண்டும். மேல்பட்டி மார்புகளுக்கு நடுவாக, வயிற்றின் பக்கவாட்டில் வர வேண்டும். அவ்வளவுதான். இலங்கையில் 2011-இல் முன் இருக்கைக்காரர்களுக்குப் பட்டி கட்டாயமானது. அதிவேகப் பாதையில் எல்லா இருக்கைக்கும் என்று வந்தது 2025-இல். சட்டம் முன் இருக்கையில் தொடங்கியதால் பின் இருக்கையில் மோதலே வராது என்று நினைத்துவிட்டோம் போலும்!

பாரமான வான்

வீட்டுக்கு வந்த அன்று இரவு என் மகள் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அந்த நானா சொன்ன மாதிரி போயிருந்தா என்ன நடந்திருக்கும் உம்மா? பாப்பமா?” என்றாள். அவள் போட்ட கணக்கைத் திருத்தாமல் தருகிறேன். எண்களெல்லாம் ஏறக்குறையத்தான்.

வானும் ஆட்களுமாக 2,200 கிலோ. வானின் அடித்தளம் நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றர். தண்ணீர் முழங்கால் அளவு, 45 சென்ரிமீற்றர். ஆக, வானின் உடல் 20 சென்ரிமீற்றர் தண்ணீருக்குள் முங்குகிறது. வானின் நீளம் 4.5 மீற்றர், அகலம் 1.7. அது விலக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1,500 லீற்றர். 1,500 லீற்றர் தண்ணீர் 1,500 கிலோ. அந்த அளவுக்குத் தண்ணீர் வானை மேலே தூக்கும். ரோட்டை அழுத்துவது மிச்சமுள்ள 700 கிலோவின் பாரம் மட்டும். சேறும் பாசியும் படிந்த சப்பாத்தில் ரயருக்குக் கிடைக்கும் பிடி அதில் மூன்றில் ஒரு பங்கும் வராது. 2,100 நியூட்டன் என்று வைப்போம்.

இனித் தண்ணீரின் தள்ளல். ஆறு விநாடிக்கு 3 மீற்றர் போகிறது; ஓடிப்போகும் ஒரு பிள்ளையின் வேகம்தான் அது. வானின் பக்கவாட்டில் 0.9 சதுர மீற்றர் தண்ணீருக்குள் இருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் 2,700 கிலோ தண்ணீர் வந்து மோதும். அவ்வளவையும் வான் நிறுத்த வேண்டுமென்றால் விசை 8,100 நியூட்டன். தண்ணீர் கொஞ்சம் சுற்றியும் போகும் என்பதால் பாதியாக்குவோம். 4,050.

பிடி 2,100, தள்ளல் 4,050. மிச்சம் 1,950 நியூட்டன் வானைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இங்கேதான் அந்த ஒரு வரி வருகிறது. 1,950-ஐ 2,200-ஆல் பிரித்தால் ஆர்முடுகல் 0.9-க்குச் சற்றுக் குறைவு. பெரிய எண்ணல்ல. ஆனால் இரண்டு விநாடியில் வான் 1.8 மீற்றர் பக்கவாட்டில் போயிருக்கும். சப்பாத்தின் ஓரத்துக்கு அதைவிட அதிகம் இடம் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஓரமே கண்ணுக்குத் தெரியவில்லையே!

அந்தத் தம்பியின் பிசகு இப்போது விளங்குகிறதா? பாரமான வானை அசைப்பது கஷ்டம் என்றது சரி. தண்ணீருக்குள் வானின் திணிவு ஒரு கிராமும் குறையவில்லை. குறைந்தது ரோட்டின் மேலுள்ள அழுத்தமும் அதனால் கிடைக்கும் பிடியும்தான். இன்னும் பத்து சென்ரிமீற்றர் ஏறினால் தூக்கும் பலம் 2,300 கிலோ ஆகிவிடும். வான் மிதக்கும், பிறகு பிடி என்ற பேச்சுக்கே இடமில்லை. “வேகமா அடிச்சா” என்பது அதைவிட மோசம். முன்னால் தண்ணீர் குவிந்து எஞ்சினுக்குள் ஏறினால் நடு ஆற்றில் நின்றுவிடும். ஆற்றின் வேகம் கூடினாலோ கேட்கவே வேண்டாம். விநாடிக்கு வரும் தண்ணீரும் கூடுகிறது, அது வரும் வேகமும் கூடுகிறது. அதனால் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு.

வான்தான் அப்படி, பஸ் தாங்கும் என்று நினைப்பவர்கள் 2025 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘தித்வா’ புயல் மழையில் இதே கலா ஓயா பெருகி, அநுராதபுரம் – புத்தளம் வீதியில் ஒரு பயணிகள் பஸ் வெள்ளத்தில் அகப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் 69 பேர். கடற்படையினர் கயிறு கட்டி அவர்களைப் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏற்றினார்கள். கூரையின் ஒரு பகுதி இடிந்து மூன்று பெண்கள் தண்ணீரில் விழுந்து, மறுபடி மேலே இழுக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கப் பாடுபட்ட பிறகே எல்லோரும் கரை சேர்ந்தார்கள். செய்தியை வாசித்தபோது எனக்கு அந்தச் செம்மண் தண்ணீரும், கதவில் கை வைத்த உம்மும்மாவும்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

மகள் கொப்பியைக் கொண்டுபோய் உம்மும்மாவிடம் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர், கணக்கு தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதெல்லாம் எனக்கு விளங்காது மகள். அக்கரையில நிண்ட ஆலமரக் கிளை ஒண்டு தண்ணியில வந்திச்சு. நான் தஸ்பீஹ்ல மூணு மணி உருட்டல்ல, அது பாலத்தத் தாண்டிப் போயிட்டு.”

மகள் என்னைப் பார்த்தாள். விநாடிக்கு 3 மீற்றர் என்று அவள் வைத்த எண் குறைவாகக்கூட இருக்கலாம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்து கொண்டுபோன வட்டிலாப்பத்தை அன்றிரவு நாங்களே சாப்பிட்டோம். வான் தம்பிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார் உம்மும்மா.